புளித்த பானமும் பழகிய நாவும்

தமிழிலே 'புளித்தல்' என்னும் சொல் இரண்டு தொழில்களை ஏற்று நிற்கின்றது. மா புளித்தது என்றால் அது நொதித்துப் பொங்கிற்று என்பது பொருள். மோர் புளித்தது என்றால் அதன் சுவை மாறிற்று என்பது பொருள். இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களாற் குறிக்கும் மொழிகள் பலவுண்டு. நம் முன்னோரோ ஒரே சொல்லால் அமைந்தனர். நொதித்தது புளிக்கும் என்பதை அவர்கள் அடுக்களையிலேயே கண்டிருந்தனர் போலும். கேட்டுக் கேட்டு அலுத்த கதையையும் 'புளித்துப்போன கதை' என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் புளித்த தோசையை எவரும் தள்ளுவதில்லை.

நாம் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களிலே கள் என்ற சொல்லை வீட்டுக்குள் உரத்துச் சொல்வதே தகாது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பம் சுடவேண்டுமெனில், முதல்நாள் மாலையில் ஒரு சிறு போத்தலிற் கள் வந்து சேரும். அரிசிமாவோடு அதைக் கலந்து இரவு முழுவதும் மூடி வைத்தாற்றான் அப்பத்தின் நடு மெத்தென்றும் ஓரம் மொறுமொறுப்பாகவும் அமையும். போத்தலைக் கொண்டுவந்தவர் யார், எப்படிக் கொண்டுவந்தார் என்பனவற்றை ஒருவரும் கேட்பதில்லை. இவ்வாறு கள்ளை வாயாற் பழித்துக்கொண்டே அதன் புளிப்பை நாவாற் பயின்றவர்கள் நாம். கோடையிற் பழஞ்சோற்றுத் தண்ணீரும், சிங்கள மக்கள் 'தியபத்' என்று வழங்கும் அதே உணவும், இட்டலியும், தயிரும் எல்லாம் இந்தப் பயிற்சியின் வெவ்வேறு வகுப்புகளே.

இன்று நாம் எழுதப் புகுவது புளித்த பானங்களின் சுவையைப் பற்றி. சிறப்பாகக் கண்டி மலைகளிற் கித்துள் மரம் தரும் கள்ளையும், ஐரோப்பியர் சிலர் விரும்பிப் பருகும் புளிப்புப் பியரையும் பற்றி. குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் இப்பொருள் எதற்கு என்று வாசகர் சிலர் புருவம் நெரிக்கலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்பதை நாம் மறக்கவில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் அதைக் கற்பித்தும் வருகிறோம். எனினும் ஒரு சுவை எவ்வாறு பிறக்கின்றது, நாவு அதனை எவ்வாறு கற்கின்றது என்பது மாணாக்கரும் அறியத்தக்க செய்தியே.

கண்டியிலே பாடசாலை விடும் வேளையில் வாயிலருகே நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய மாங்காய், அம்பரலங்காய், வெரலிக்காய், நெல்லிக்காய் ஆகியவற்றை விற்கும் அச்சாறு வண்டியைச் சூழ்ந்து நிற்போர் பிள்ளைகளே. ஆசிரியர்கள் அந்தக் காய்களை நினைத்தாலே பல் கூசுகின்றது என்று சொல்லி அப்பாற் செல்வர். இது கண்டிப் பிள்ளைகளின் தனிக்குணம் அன்று. அமெரிக்காவில் லீம், மெனெல்லா என்னும் இருவர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், 5 முதல் 9 வயது வரையான பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் மிகக் கடும் புளிப்பையே விரும்பித் தெரிந்தனர் என்றும், அவர்தம் தாய்மாரில் அதனை விரும்பியவர் அநேகமாக எவரும் இலர் என்றும் கண்டனர். பிறந்த குழந்தையின் நாவிற் புளிப்புப் பட்டால் அது முகத்தைச் சுளிக்கும். அதே குழந்தை ஆறு வயதில் மாங்காய்க்கு அழும். நாற்பது வயதில் மீண்டும் முகம் சுளிக்கும். அமிலத்திலுள்ள ஐதரசன் அயன்கள் நாவின் கலங்களுக்குள் நுழைவதற்கு வாயிலாக அமையும் புரதமொன்றே புளிப்பை உணர்த்துகிறது என்பது 2019ஆம் ஆண்டளவில் உறுதிப்பட்டது. வாயில் எல்லோர்க்கும் ஒன்றுதான். நுழைந்து வருபவரை விருந்தினர் என்பதா, பகைவர் என்பதா என்பதைப் பழக்கமே தீர்மானிக்கின்றது.

இனிக் கித்துள் மரத்துக்கு வருவோம். தமிழகத்திற் கூந்தற்பனை என்று வழங்குவது இதுவே. ஈரமும் நிழலும் உள்ள மலைச்சாரலில் இது தானாகவே வளரும். பெரஹரா நாட்களிற் கண்டித் தெருக்களில் யானைகள் துதிக்கையிலும் தந்தத்திலும் தாங்கிச் செல்லும் பசிய மடல்கள் பெரும்பாலும் இம்மரத்தினுடையனவே. தென்னையும் பனையும் ஆண்டாண்டு பாளை ஈன்று நெடுங்காலம் வாழ, கித்துள் பத்துப் பதினைந்து ஆண்டு பூவாதிருந்து, பின்பு உச்சியில் முதற் பாளையை ஈனும். அடுத்த பாளை அதற்குக் கீழே, அதற்கடுத்தது மேலும் கீழே என இறங்கி இறங்கி வந்து, கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுப்போகும். எனவே பாளை எவ்வளவு கீழிறங்கியது என்பதைக் கொண்டே மரத்தின் எஞ்சிய ஆயுளைச் சீவுபவர் கணக்கிட்டுவிடுவார்.

இம்மரத்தின் நீரைப் பற்றி எழுதிய முதல் ஆங்கிலேயருள் ஒருவர் இராபர்ட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டிற் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலிற் கித்துளின் நீர் மிக்க இனிமையுடையது, உடலுக்கு நன்மை பயப்பது, ஆனால் வெறும் தண்ணீரைவிட வலிமை உடையதன்று என்கிறார். நாளொன்றுக்கு இருமுறை, நல்ல மரமாயின் மும்முறை இறக்குவர் என்றும், சாதாரண மரமே மூன்று நான்கு கலன் தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும் விவரிக்கிறார். நொக்ஸ் கூறியது புளிக்காத நீரை. சிங்களத்தில் அதற்குத் 'தெலிஜ்ஜ' என்று பெயர்; புளித்தபின் அது 'ரா'. யாழ்ப்பாணத்தார் பனையிற் கருப்பநீர் என்றும் கள் என்றும் பிரிப்பது போன்றதே இதுவும்.

கருப்பநீரையும் கள்ளையும் பிரிப்பது முட்டிக்குள் இடும் ஒரு பொருளே. வடக்கில் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவர். கண்டிப் பகுதியில் 'ஹல்' என்னும் மரத்தின் பட்டைத் துண்டுகளை இடுவர். பட்டையின் துவர்ப்பு நொதித்தலைத் தாமதிக்கச் செய்யும். பட்டை இடாவிட்டால், விடியற்காலையில் தேன்போல இருந்த நீர் நண்பகலிற் பொங்கத் தொடங்கிவிடும். மனிதர் எவரும் மதுவம் இடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் காத்திருக்கும் நுண்ணுயிர்களே அத்தொழிலைச் செய்கின்றன.

இதன் ஒழுங்கை விஞ்ஞான முறையிற் பார்த்தவர்களும் நம் நாட்டினரே. அற்புதராஜா, விதானபத்திரண, சமரஜீவ ஆகிய மூவரும் 1986ஆம் ஆண்டிற் தென்னங்கள் இயற்கையாக நொதிக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் வேறுபடுத்திய மதுவ வகைகள் மட்டும் 17 இனங்கள். முதலிற் பற்றீரியாக்கள் வெல்லத்தை உண்டு, தயிரின் புளிப்புக்குக் காரணமான இலத்திக்கமிலத்தை உண்டாக்கும். அப்புளிப்பிலும் வாழவல்ல மதுவங்கள் அடுத்து மேலோங்கி வெல்லத்தை மதுசாரமாக்கும். இறுதியில் வேறொரு பற்றீரியாக் கூட்டம் வந்து அம்மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக, அதாவது வினாகிரியாக, மாற்றும். ஆகவே கள் என்பது ஒரு பொருள் அன்று. இனிமைக்கும் வினாகிரிக்கும் இடையிலே ஓடும் ஒரு பயணம். எந்தத் தரிப்பில் இறங்கிப் பருகுகிறோம் என்பதே வேறுபாடு. கித்துளுக்கும் இவ்வழியே பொதுவானது.

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை விடுமுறையொன்றில், தாவரவியல் கற்பிக்கும் நண்பருடன் தெல்தெனியா வழியாக ஹுன்னஸ்கிரியாவைத் தாண்டி நக்கிள்ஸ் மலையடிவாரத்துக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே அறுபது வயதைக் கடந்த சிங்களப் பெரியவர் ஒருவர் கித்துள் சீவுகிறார். காட்டுக்கொடியை மரத்திற் சுற்றிக் கட்டி, கம்புகளைப் பிணைத்து ஏணியாக்கி, அறுபதடி உயரத்தில் நின்று, மெல்லிய கத்தியாற் பாளையை இழை இழையாகச் சீவுவதைக் கீழிருந்து பார்க்கவே எமக்குக் கால் கூசியது. பாளை நீர் சுரப்பதற்காக அதன் அடியில் வைத்துக் கட்டும் மருந்து இன்னதென்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மருந்துண்டு. மருமகனுக்குக் கூடச் சொல்லமாட்டார்களாம்.

அன்று அவர் மூன்று சிரட்டைகளை எம்முன் வைத்தார். முதலாவது ஹல் பட்டை இட்ட விடியற்கால நீர். அது இளநீரிற் பாணி கரைத்தது போன்றிருந்தது. இரண்டாவது பட்டை இடாது வைத்த அதே காலை நீர். வெண்மை படர்ந்து, ஓரத்திற் சிறுநுரை கட்டி, இனிப்பினுள்ளே ஓர் ஊசிமுனைப் புளிப்பு. மூன்றாவது முதல்நாளையது. அதை வாயிலிட்டதும் முகம் தானாகச் சுளித்தது. புளித்த மோரும், ஊறிய பழமும், எங்கோ மாட்டுத்தொழுவத்து வைக்கோலும் சேர்ந்த ஒரு மணம் மூக்கில் ஏறிற்று.

பெரியவர் சிரித்தார். "இஸ்கோலே மஹத்தயா, அதை விழுங்கவேண்டாம். வாயில் கொஞ்சநேரம் வைத்திருங்கள். கோபம் போகட்டும்" என்றார். கோபம் கள்ளுக்கா, எமக்கா என்று கேட்டோம். இருவர்க்குந்தான் என்றார். சுட்ட பலாக்கொட்டைகளில் உப்புத் தூவி அருகே வைத்தார். பலாக்கொட்டையை மென்று, மீண்டும் ஒருவாய் வைத்திருந்தபோது, முதலில் வெறும் புளிப்பாக நின்றது இரண்டாகப் பிரிந்தது. நாவின் ஓரங்களிற் கூர்மையானதொன்று. பின்னே மெல்லத் தங்கி நின்ற, கருகிய கருப்பட்டியின் நிழல்போன்ற மற்றொன்று. உப்பும் மாவுத்தன்மையும் புளிப்பை அடக்கின என்று நண்பர் விளக்கினார். எமக்கோ, புளிக்குழம்பிற் கத்தரிக்காய் செய்யும் வேலையைத்தான் இங்கே பலாக்கொட்டை செய்கிறது என்று தோன்றிற்று.

அன்று விரும்பினோம் என்று சொல்லமாட்டோம். அடுத்த விடுமுறையில் மறுபடியும் சென்றபோது முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் முறை, இரண்டாம் சிரட்டையைக் காட்டிலும் மூன்றாவதே சிறந்தது என்ற எண்ணம் வந்துவிட்டது. இனிப்பு உடனே தன்னை முழுவதும் ஒப்புவித்துவிடுகிறது. அதன்பின் அதிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. புளிப்போ ஒவ்வொரு வாயிலும் சிறிது வேறாக இருந்தது. மரத்துக்கு மரம், மழைநாளுக்கு வெயில்நாள், முட்டிக்கு முட்டி மாறிற்று. அரைச் சிரட்டைக்கு மேல் நாம் சென்றதில்லை. சுவை காண்பதற்கு அதுவே மிகை.

ஒருமுறை ஒரு சிறு போத்தலில் வீட்டுக்கும் கொண்டுவந்தோம், மூடியைச் சிறிது தளர்த்தி வைத்துக்கொண்டு. இறுக மூடினால் நொதிக்கும் வாயு போத்தலை வெடிக்கச் செய்துவிடும். மனைவியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றே எண்ணினோம். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இது அம்மா அப்பத்துக்கு விடுகிற கள்ளின்ரை மணமெல்லோ!" என்றார். மறுநாட் காலையில் அப்பம் கிடைத்தது. மிச்சக் கள்ளைப் பற்றி விசாரிப்பதற்கு வழியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட பானங்கள் நமக்குப் புதியனவும் அல்ல. சங்க நூல்களிற் கள்ளுக்கு நறவு, தேறல், மட்டு, தோப்பி, அரியல் எனப் பல பெயர்கள் உள்ளன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை அரிசியிலிருந்து மது செய்யும் முறையையே கூறுகின்றது. தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற பாத்திரத்தில் இட்டு ஆற்றி, முளைநெல்லை இடித்துச் செய்த அடையை அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது என்பது அதன் சாரம். முளைத்த தானியத்தைக் கொண்டு மாப்பொருளை வெல்லமாக்கி நொதிக்கச் செய்வதே பியர் வடித்தலின் அடிப்படை. ஆகவே அது நெற்பியர் என்பதில் ஐயமில்லை. திறந்த பாத்திரத்தில் ஆறவிட்டு, நம் நாட்டு வெப்பத்தில் இரு நாள் வைத்தது புளிக்காமல் இருந்திருக்கவும் முடியாது. அகன்ற வாயுடைய அப்பாத்திரத்துக்கு அந்நூல் தரும் பெயர் 'பிழா'. யாழ்ப்பாணத்திற் கள் பருகுதற்குப் பனையோலையால் மடித்துச் செய்யும் பாத்திரத்தைப் 'பிளா' என்பர். இவ்விரண்டும் ஒரு சொல்லே என்பது எம் துணிபு. மொழிநூலார் மறுப்பின் கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.

நமது பாணர் கண்ட அந்த முறையை ஏறக்குறைய அப்படியே இன்றும் கைக்கொள்ளும் ஓரிடம் பெல்ஜிய நாட்டுத் தலைநகராகிய பிரசெல்சும் அதன் அயலும். அங்கே 'லாம்பிக்' என்னும் பியரை வாற்கோதுமை முளைமாவும் முளைக்காத கோதுமையும் கொண்டு காய்ச்சுவர். பின்பு கூரைக்குக் கீழே விரிந்த ஆழமற்ற செப்புத் தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவொன்று முழுவதும் திறந்தபடியே விட்டுவிடுவர். இரவுக் காற்றில் வருவன எல்லாம் அதில் இறங்கும். மறுநாள் மரப்பீப்பாய்களில் அடைத்து, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைப்பர். இளையதையும் முதியதையும் கலந்து போத்தலில் அடைத்து மீண்டும் நொதிக்கவிட்டால் அது 'கூஸ்'. புளிப்புச் செரிப்பழத்தை ஊறவிட்டால் அது 'கிரீக்'. 1900ஆம் ஆண்டு தொடங்கிய கண்டியோன் என்னும் குடும்ப வடிசாலை இன்றும் அவ்வாறே செய்து வருகிறது. பெயரைக் கேட்டதும் நம் கண்டியோடு உறவுண்டோ என்று மாணாக்கர் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்ல எமக்கே மனம் வரவில்லை. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

ஜெர்மனியிலும் இரு புளிப்புப் பியர்கள் உண்டு. பெர்லின் நகரத்தது கோதுமையாற் செய்தது. புளிப்பைத் தாங்கமாட்டாதார்க்கு இராஸ்பெரிப் பாகு கலந்து கொடுப்பர். மற்றையது லைப்சிக் நகரத்து 'கோசெ'. இதில் இடுவன உப்பும் கொத்தமல்லியும் என்று கேள்விப்பட்டபோது நாம் சிரித்தேவிட்டோம். புளித்த மோரில் உப்பும் மல்லியிலையும் இட்டுத் தாளித்துத் தரும் நம் பாட்டிமார் லைப்சிக் நகரிற் பெரும் பெயர் எடுத்திருப்பர்.

ஐரோப்பாவில் வாழும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கூஸ் பியர்ப் போத்தலொன்று கொணர்ந்தார். தாம் முதன்முறை அதைப் பருகியபோது கெட்டுப்போனது என்று கருதிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனாராம். எம் நாவுக்கு அது அத்துணை அந்நியமாகத் தோன்றவில்லை. கித்துளின் இனிய நிழல் அதில் இல்லை. எலுமிச்சைத் தோலின் கைப்பும் மரப்பீப்பாயின் துவர்ப்பும் இருந்தன. ஆனால் அந்த வைக்கோல் மணம் அதே மணம். கால்ஸ்பேர்க் வடிசாலையைச் சேர்ந்த கிளாசன் என்னும் டென்மார்க்கு அறிஞர், நெடுநாள் வைத்த ஆங்கிலப் பியர்களின் தனிமணத்துக்குக் காரணமான மதுவத்தைப் பிரித்தெடுத்து, 1904இல் அதற்குப் 'பிரெட்டனோமைசிஸ்', அதாவது பிரித்தானியப் பூஞ்சணம், என்று பெயரிட்டார். இந்த மணத்தைப் பெல்ஜியப் பியருக்கு ஊட்டுவதும் அவ்வினமே. 'குதிரைப் போர்வை மணம்' என்று ஐரோப்பியர் அதனைப் பாராட்டுவர். நாம் மாட்டுத்தொழுவம் என்று கருதியதை அவர்கள் குதிரைலாயம் என்கின்றனர், விலங்குதான் வேறு.

கண்டி மலைகளுக்கு வாற்கோதுமைப் பியர் வந்தது ஆங்கிலேயரோடுதான். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1849ஆம் ஆண்டளவில் நுவரெலியாவில் ஒரு வடிசாலையைத் தொடக்கினார். 1881இல் அங்கே நிறுவப்பட்ட வடிசாலையின் வழித்தோன்றலே இன்றைய லயன் பியர். வடிப்பது பிற்காலத்திற் பியகமைக்கு மாறிவிட்டது. பியரைப் பற்றியே எழுதி உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான மைக்கேல் ஜாக்சன் (1942–2007, பாடகர் அல்லர்) கண்டி நகரத்துக் கடையொன்றிற் கைப்பம்பினால் இறைத்து வழங்கிய லயன் ஸ்டவுட்டைப் பருகி, அதன் பெருமையை மேனாட்டார்க்கு எடுத்துரைத்தார்.

ஆனால் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பியரிற் புளிப்பு ஒரு குற்றமாகிவிட்டது. லூயி பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றித் தனி நூல் எழுதி, அதைக் கெடுப்பவை அழையாது வரும் நுண்ணுயிர்கள் என்று காட்டினார். 1883இல் டென்மார்க்கின் ஹான்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அதன்பின் உலகெங்கும் பியர் ஒரேவிதமாகத் தெளிந்தது. நுவரெலியாவிற் குடித்தாலும் இலண்டனிற் குடித்தாலும் வேறுபாடு சிறிது. இது பெரும் நன்மையே. கெட்ட பானத்தாற் பணமிழப்பவர் குறைந்தனர். எனினும் ஒரு சுவையைக் கெட்டது என்று தீர்த்துவிட்டால், அதனை அறிந்த நாக்குகளும் இரண்டு தலைமுறையில் இல்லாமற்போம். பெல்ஜியத்திலேயே லாம்பிக் வடிப்போர் இருபதாம் நூற்றாண்டில் மிகக் குறைந்து, பின்னரே இளையோரின் விருப்பத்தால் மீண்டும் தலையெடுத்தனர்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மலையகத்திலே தோட்டத்தை அடுத்திருந்த தவறணைகளிற் கரைந்த கூலிப்பணத்தின் கதையை லயத்துப் பெண்களைக் கேட்டாற்றான் தெரியும். 1904இலும் 1912இலும் இந்நாட்டிற் பெருகிய மதுவிலக்கு இயக்கம் காரணமின்றி எழுந்ததன்று. 1927ஆம் ஆண்டு நவம்பரில் வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரிடம் மதுவை விடுமாறு மன்றாடினார். எம் வகுப்புகளிலும், சம்பள நாளுக்கு மறுநாள் புத்தகமின்றி வந்து நிற்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். அவர்களுடைய தந்தையார் பருகியது சுவை கருதி அன்று. விரைவில் மயங்குவதற்காகப் பருகுபவனுக்கு வைக்கோல் மணமும் கருப்பட்டி நிழலும் வேண்டியதில்லை. அவனுக்கென்று சீனியையும் கண்டதையும் கரைத்துச் செய்த போலிக் கள்ளும், அதனினும் கொடிய கசிப்பும் இருக்கின்றன. புளிப்பின் சுவையைப் பற்றிய எம் பேச்சு அக்குடும்பங்களின் முன் நின்று பேசத்தக்கதுதானா என்ற கேள்வி இக்கட்டுரையை எழுதும்போதெல்லாம் எம்மை விட்டகலவில்லை. அதனாலேயே எந்தப் பிள்ளையையும் இதனைச் சுவைத்துப் பார் என்று நாம் சொல்லமாட்டோம். முதிர்ந்தவர்க்கும் சொல்லவேண்டிய தேவை எமக்கில்லை.

ஆயினும் கித்துள் சீவுபவரின் நிலை வேறு. பாளை சீவுவதையும் கள் விற்பதையும் கட்டுப்படுத்த 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்பின் திருத்தங்கள் எத்தனை வந்தாலும் அடிப்படைச் சங்கடம் ஒன்றே. காலை ஏழு மணிக்கு அவர் முட்டியில் இருப்பது பாணிக்கான நீர். அடுப்பில் ஏற்றச் சிறிது தாமதித்தால், மழையினால் விறகு நனைந்துபோனால், நண்பகலில் இருப்பது கள். இடையில் அவர் செய்த செயல் எதுவுமில்லை. நுண்ணுயிர்கள் செய்ததற்கு அவரே பொறுப்பாளி. பாணியாகவோ கருப்பட்டியாகவோ விற்கலாம் என்றாலோ, சீனி கலந்த போலிப் பாணி குறைந்த விலையிற் கண்டிச் சந்தையை நிரப்பிவிடுகிறது. தயிரோடு பாணி உண்ணும் நம்மிற் பலர்க்கு உண்மைப் பாணியின் மெல்லிய புகைமணமும் அடிநாக்கிற் படும் சிறு கைப்பும் தெரியாது. தெரியாதார்க்குப் போலியே போதும்.

சென்ற முறை போயிருந்தபோது பெரியவரின் மரங்களில் ஒன்றிற் பாளை ஆளுயரத்துக்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. அதற்கு ஏணி வேண்டியதில்லை. முக்காலியில் நின்றே சீவலாம். அதுதான் கடைசி என்றார். அவருடைய மகன் கண்டி நகரில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். மரம் ஏறுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். அயற்கிராமத்தில் ஒருவர் விழுந்து இடுப்பொடிந்து கிடப்பதைக் கண்டபின் தகப்பனாரும் வற்புறுத்தவில்லை. "மருந்தையாவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்களா, மாமா?" என்று கேட்டோம். எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, கூரையிற் செருகியிருந்த பழைய பாடசாலைக் கொப்பியொன்றைக் காட்டினார், திறந்து காட்டவில்லை. அன்றைய சிரட்டை வழக்கத்தைவிடப் புளிப்பாக இருந்தது. மூன்று நாள் மழை என்றார்.